ஆட்டம் தொடங்கும் நேரமும் ஆடும் பதினொருவரும்: தொலைக்காட்சி அட்டவணை அணித் தேர்வை எப்படி வளைக்கிறது?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போனதாக இருக்கும். சனிக்கிழமை பகல் 12.30 மணி ஆட்டத்துக்கு அணிப் பட்டியல் வெளியாகிறது; நல்ல ஆட்டத்திறனில் இருக்கும் முன்கள வீரர் வெளியே அமர்த்தப்பட்டிருக்கிறார்; அணி தோற்கிறது. ரசிகர்கள் பயிற்சியாளரைக் குற்றம் சொல்கிறார்கள், பயிற்சியாளரோ அட்டவணையைக் குற்றம் சொல்கிறார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அணித் தேர்வின் முதல் முடிவைப் பல வேளைகளில் பயிற்சியாளர் எடுப்பதில்லை. பல வாரங்களுக்கு முன்பே ஆட்டத்துக்கு நேரம் குறித்தவர்கள் அதை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தை விற்றுப் பணம் பெற்றது பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கும் கிளப்பேதான். இந்த முடிச்சைப் புரிந்துகொள்ள, அட்டவணை உருவாகும் முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

அட்டவணை இரண்டு முறை எழுதப்படுகிறது

இருபது அணிகள் தமக்குள் இரண்டு முறை மோதுவதால் ஒரு பருவத்துக்கு 380 ஆட்டங்கள். பருவம் தொடங்குவதற்கு முன், ஜூன் மாதத்தில் முதல் அட்டவணை வெளியாகிறது. அதில் பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு என்றே குறிக்கப்பட்டிருக்கும். அது ஒரு வரைவு மட்டுமே. பிறகு ஒளிபரப்பு நிறுவனங்கள் தமக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்க, அவை வெள்ளி இரவு, சனி பகல் 12.30, சனி மாலை 5.30, ஞாயிறு பிற்பகல் 2, ஞாயிறு மாலை 4.30, திங்கள் இரவு என்று வெவ்வேறு நேரங்களுக்கு நகர்த்தப்படுகின்றன. இந்தத் தேர்வு பருவம் முழுமைக்கும் ஒரே நாளில் நடப்பதில்லை; மாதவாரியாக, தவணை தவணையாக அறிவிக்கப்படும். ஐரோப்பியக் கோப்பையிலோ உள்நாட்டுக் கோப்பையிலோ ஓர் அணி அடுத்த சுற்றுக்கு முன்னேறினால், அறிவித்த நேரமும் மறுபடி மாறும்.

1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஸ்கை நிறுவனம் ஒரு பருவத்தில் நேரலையாகக் காட்டியது 60 ஆட்டங்கள். 2025-26 பருவத்தில் தொடங்கிய நான்காண்டு ஒப்பந்தத்தில் ஸ்கை ஸ்போர்ட்ஸும் டிஎன்டி ஸ்போர்ட்ஸும் சேர்ந்து பருவத்துக்குக் குறைந்தது 267 ஆட்டங்களைக் காட்டுகின்றன. முன்பு நகர்த்தப்பட்ட ஆட்டம் விதிவிலக்கு. இப்போது நகர்த்தப்படாத ஆட்டம்தான் விதிவிலக்கு.

பிற்பகல் 3 மணி ஏன் இருட்டாக இருக்கிறது?

ஆட்டங்கள் இப்படிச் சிதறுவதற்கு இன்னொரு காரணம், பலரும் மறந்துவிடும் ஒரு பழைய விதி. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டிலேயே கிடைத்தால் கீழ்நிலை லீக் மைதானங்கள் காலியாகிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த தடை இது. 1960களில் இந்த வாதத்தை உரக்க வைத்தவர் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட். அதற்கு முன் 1960 செப்டம்பரில் பிளாக்பூல், போல்ட்டன் அணிகள் மோதிய லீக் ஆட்டத்தை ஐடிவி தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியிருந்தது. அந்த முயற்சி அத்துடன் நின்றுபோனது. லீக் ஆட்டங்கள் நேரலைக்குத் திரும்ப 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இரண்டரை மணி நேரம் மூடப்பட்டிருப்பதால், விற்கப்படும் ஒவ்வோர் ஆட்டமும் வார இறுதியின் வேறு மூலைகளுக்குத் தள்ளப்பட்டாக வேண்டும். கீழ்நிலைக் கிளப்களைக் காக்க வந்த விதி, மேல்நிலைக் கிளப்களின் ஓய்வு நேரத்தைத் துண்டாடுகிறது. (இங்கிலாந்து ரசிகருக்கு மறைக்கப்பட்ட அதே 3 மணி ஆட்டத்தை வெளிநாட்டு ரசிகர் நேரலையாகப் பார்க்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் வேடிக்கைகளில் ஒன்று.)

பணம் வரும் வழி

1992இல் முதல் ஐந்தாண்டு உள்நாட்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 304 மில்லியன் பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. இப்போதைய நான்காண்டு ஒப்பந்தம் 6.7 பில்லியன் பவுண்டு. இந்த உள்நாட்டு வருவாய் பிரிக்கப்படும் முறையைக் கவனிக்க வேண்டும்: பாதி எல்லாக் கிளப்களுக்கும் சமமாக, கால் பங்கு பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்து, மீதிக் கால் பங்கு எத்தனை ஆட்டங்கள் நேரலையாகக் காட்டப்பட்டன என்பதைப் பொறுத்து. ஆக, ஒளிபரப்புக்குத் தேர்வாவது ஒரு கிளப்பின் கணக்குப் பிரிவுக்கு நற்செய்தி, அதே கிளப்பின் மருத்துவப் பிரிவுக்குத் துர்ச்செய்தி.

மேலும், பிரீமியர் லீக் என்பது கிளப்களுக்கு மேலே அமர்ந்திருக்கும் அந்நிய அதிகாரம் அன்று; இருபது கிளப்களும் அதன் பங்குதாரர்கள். ஒப்பந்தத்துக்குக் கையை உயர்த்தியவர்கள் அவர்களே. லிவர்பூல் பயிற்சியாளராக இருந்த யூர்கன் கிளாப் சனி பகல் 12.30 ஆட்டங்களை ஓயாமல் சாடியபோது, அவருடைய கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபம் ஒளிபரப்பாளரின் ஒலிவாங்கியை நோக்கியே போனது, கிளப்பின் நிர்வாக அறையை நோக்கி அல்ல.

மணிக்கணக்கு

புகார்களை எடைபோட, ஓர் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஆட்டத்தின் தொடக்கம் வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்ப்பதே நேரான வழி. ஐரோப்பிய ஆட்டங்கள் இங்கிலாந்து நேரப்படி இரவு 8 மணிக்குத் தொடங்குவதாகக் கொள்வோம்.

1. செவ்வாய் இரவு ஆடி, சனி பிற்பகல் 3 மணிக்கு மீண்டும் ஆடினால் இடைவெளி 91 மணி நேரம்.

2. புதன் இரவு ஆடி, ஞாயிறு மாலை 4.30க்கு ஆடினால் 92.5 மணி நேரம்.

3. அதே புதன் இரவு ஆடி, சனி பகல் 12.30க்கு ஆடினால் 64.5 மணி நேரம். முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் 28 மணி நேரம் குறைவு. ஒரே வாரத்தில், ஒரே போட்டியில் ஆடிய இரண்டு அணிகளுக்கிடையே இந்த வேறுபாடு ஏற்படக்கூடும்.

4. வியாழன் இரவு ஆடி, ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு ஆடினால் 66 மணி நேரம்.

நான்காவது கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் அணிகளின் சனி பகல் ஆட்டம் தலைப்புச் செய்தியாகிறது. அதற்கு அடுத்த நிலைப் போட்டிகளான, வியாழனன்று நடக்கும் யூரோப்பா லீக், கான்பரன்ஸ் லீக் அணிகளுக்கோ ஏறத்தாழ அதே குறுகிய இடைவெளி வாடிக்கை. அந்த அணிகளின் வீரர் தொகுப்பு பொதுவாகச் சிறியது. பயணமும் எளிதன்று: அசர்பைஜான் தலைநகர் பாகுவில் வியாழன் இரவு ஆடிய அணி, வீடு வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை பிறந்திருக்கும். உரத்த புகார் பெரிய கிளப்களிடமிருந்து வருகிறது; அதிக வலி அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

64 மணி நேரத்தில் என்ன குறைகிறது?

தொண்ணூறு நிமிட ஆட்டம் தசையில் சேமித்த சர்க்கரையைக் கரைக்கிறது; திடீர் ஓட்டமும் திடீர் நிறுத்தமும் தசை இழைகளில் நுண்ணிய சேதத்தை உண்டாக்குகின்றன. ஆட்டம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் தசைவலி உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகே இறங்கத் தொடங்கும். விளையாட்டு மருத்துவர்கள் 72 மணி நேரம் என்ற எல்லையைத் திரும்பத் திரும்பச் சொல்வதன் அடிப்படை இதுதான். அதற்கு முன் களமிறங்கும் வீரர் ஓட முடியாதவராக ஆகிவிடுவதில்லை. ஆனால் முழு வேகத்தில் பத்தாவது முறை ஓடும்போது தொடையின் பின்தசை கிழியும் வாய்ப்பு கூடுகிறது.

உடலைப் பற்றி இவ்வளவு பேசப்படும்போது, பயிற்சி பறிபோவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆட்டத்துக்கு மறுநாள் மீட்புக்கு உரியது. ஆட்டத்துக்கு முந்தின நாள் இலகுவான ஒத்திகைக்கு உரியது. நான்கு நாள் இடைவெளி இருந்தால் நடுவில் ஒன்றிரண்டு நாள் உண்மையான பயிற்சிக்குக் கிடைக்கும். புதன் இரவிலிருந்து சனி பகலுக்குள் அப்படியொரு நாளே இல்லை: வியாழன் மீட்பு, வெள்ளி ஒத்திகை, சனி ஆட்டம். பின்கள வரிசையைச் சீர்செய்வது, பந்தைப் பறிக்கும் முறையைக் கற்பிப்பது, கார்னர் கிக் தடுப்பைத் திருத்துவது எல்லாம் காணொளி அறைக்குள் சொற்களாகவே நின்றுவிடுகின்றன. பருவத்தின் நடுவில் பொறுப்பேற்ற புதிய பயிற்சியாளரின் முறை ஏன் ஆட்டத்தில் தெரியவில்லை என்று கேட்பவர்கள், பொறுப்பேற்ற நாளிலிருந்து அவருக்கு முழுப் பயிற்சி நாள்கள் எத்தனை கிடைத்தன என்பதை முதலில் எண்ண வேண்டும்.

பயிற்சியாளரின் கையில் இருக்கும் கருவிகள்

சுழற்சி முறை என்பது, அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு வீரர்களை மாற்றி மாற்றிக் களமிறக்கிச் சுமையைப் பகிர்வது. இன்று இது இயல்பு. ஒரு காலத்தில் குற்றம். 2009 டிசம்பரில் வுல்வ்ஸ் பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தி, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பத்து வீரர்களை மாற்றி இறக்கினார். வெல்ல வாய்ப்புக் குறைவான ஆட்டத்தைத் தியாகம் செய்து, வெல்லக்கூடிய அடுத்த ஆட்டத்துக்கு வீரர்களைச் சேமிப்பது அவர் கணக்கு. கிளப்புக்கு 25,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் பிளாக்பூலின் இயன் ஹாலோவே ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகப் பத்து மாற்றங்களைச் செய்தார். அணி 3-2 என்று போராடியே தோற்றது. அதே 25,000 பவுண்டு அபராதத்தைக் கட்டவும் நேர்ந்தது. அந்தப் பருவத்தில்தான் 25 பேர் கொண்ட வீரர் பட்டியல் விதி நடைமுறைக்கு வந்திருந்தது. பதிவு செய்ய அனுமதிக்கப்பட்ட வீரர்களைக் களமிறக்கியதற்கு அபராதம் என்பது அப்போதே பொருந்தாததாகத் தெரிந்தது. பெரிய கிளப்கள் பத்து மாற்றம் செய்தால் அது வளத்தின் ஆழம், சிறிய கிளப்கள் செய்தால் அது போட்டிக்கு அவமதிப்பு என்ற இரட்டைப் பார்வை அந்த வழக்குகளில் இருந்தது.

இரண்டாவது கருவி மாற்று வீரர்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை அனுமதிக்கும் தற்காலிக விதி வந்தது. பிரீமியர் லீக் அதை அந்தப் பருவத்தின் முடிவு வரை ஏற்று, பிறகு மூன்றுக்கே திரும்பியது. 2022-23 பருவத்திலிருந்துதான் ஐந்து நிலையானது. இடைப்பட்ட காலத்தில் கிளப்களின் வாக்கெடுப்பில் இந்த யோசனை ஒருமுறைக்கு மேல் தோற்றது. சிறிய கிளப்களின் தயக்கத்தில் நியாயம் இருந்தது: ஐந்து புதிய கால்கள் என்பது, வெளியே அமர்ந்திருக்கும் ஐவரும் உலகத்தரம் வாய்ந்தவர்களாக உள்ள அணிக்கே பெரிய பரிசு. வீரர் நலமும் போட்டிச் சமநிலையும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை.

அட்டவணை உடைந்த இரண்டு வாரங்கள்

கருவிகள் எல்லாம் போதாமல் போன நேரங்களும் உண்டு. 2019 டிசம்பர் 17 அன்று லிவர்பூல் லீக் கோப்பைக் காலிறுதியில் ஆஸ்டன் வில்லாவை எதிர்கொள்ள வேண்டும். மறுநாள் அதே கிளப் கத்தாரில் கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் மெக்சிகோவின் மான்டெர்ரே அணியுடன் மோத வேண்டும். முதல் அணி கத்தாரில் இருக்க, இளையோர் அணி நீல் கிரிட்ச்லியின் பொறுப்பில் பர்மிங்காமில் ஆடி 5-0 என்று தோற்றது. இரண்டு போட்டிகளை நடத்தும் அமைப்புகள் வேறு. இரண்டின் நாட்காட்டிகளையும் சேர்த்துப் பார்க்கும் கடமை எவருக்கும் இல்லை.

இரண்டாவது நிகழ்வு விளைவுகளில் இன்னும் கனமானது. 2021 மே 2 அன்று உரிமையாளர்களுக்கு எதிரான ரசிகர் போராட்டத்தால் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஒத்திவைத்த ஆட்டத்தைப் பருவம் முடிவதற்குள் நுழைக்க வேண்டியிருந்ததால், யுனைடெட் மே 6, 9, 11, 13 என்று எட்டு நாளில் நான்கு ஆட்டங்கள் ஆட நேர்ந்தது. பயிற்சியாளர் ஓலே குன்னர் சோல்ஷேர், மே 11 அன்று லெஸ்டருக்கு எதிராகப் பத்து மாற்றங்களுடன் அணியை இறக்கினார். 2-1 என்று தோல்வி. அந்தத் தோல்வியால் அன்றிரவே, களமிறங்காமலேயே, மான்செஸ்டர் சிட்டி சாம்பியன் ஆனது. முதல் நான்கு இடங்களுக்காக லிவர்பூல், செல்சி, லெஸ்டர் மூன்றும் முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் லெஸ்டருக்கு மட்டும் யுனைடெட்டின் மாற்று அணி எதிரியாக வாய்த்தது. பயிற்சியாளர் தவறாக ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் ஓர் அணியின் ஓய்வுக் கணக்கு மூன்றாம் அணியின் பருவத்தை எப்படித் தொடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

யார் முதலில் ஆடுகிறார் என்பதும் ஒரு நியாயப் பிரச்சினை

மூன்று நாள்களில் சிதறிக்கிடக்கும் ஒரு சுற்றில், கடைசியாக ஆடும் அணி தனக்கு என்ன தேவை என்பதை அறிந்தே களமிறங்குகிறது. இதன் உச்சம் 1982 உலகக் கோப்பையில் நிகழ்ந்தது. அல்ஜீரியா தன் கடைசிக் குழு ஆட்டத்தை முந்தின நாளே முடித்துவிட்டிருந்தது. ஜூன் 25 அன்று ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதியபோது, ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆரம்பத்திலேயே ஜெர்மனி ஒரு கோல் அடித்தது, அதன் பின் இரு அணிகளும் பந்தைத் தமக்குள் உருட்டிக்கொண்டிருந்தன, அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் உலகக் கோப்பைக் குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிரீமியர் லீக்கின் கடைசி நாளிலும் பத்து ஆட்டங்களும் ஒன்றாகத் தொடங்குவது இதே நோக்கத்தில்தான். கடைசிச் சுற்றுக்கு முந்தைய இரண்டு மூன்று சுற்றுகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே விற்பனைக்குரிய நேரங்கள் மறுபடி வந்துவிடுகின்றன.

மைதானத்துக்குப் போகிறவர்

ரசிகர் என்று ஒரே சொல்லால் குறித்தாலும், வீட்டில் பார்ப்பவரும் எதிரணி மைதானம் வரை பயணம் செய்பவரும் எதிரெதிர் நலன்கள் கொண்டவர்கள். திங்கள் இரவு ஆட்டம் முதலாமவருக்குக் கூடுதல் மாலை. இரண்டாமவருக்குப் போய்விட்ட கடைசி ரயில். 2016-17 முதல் பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகருக்கான சீட்டின் விலை 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு இருக்கிறது. நல்ல விதி. ஆனால் ஆட்டம் நகர்த்தப்படுவதற்கு முன் வாங்கிய ரயில் சீட்டுக்கும் தங்கும் அறைக்கும் அது ஈடு தருவதில்லை.

ஜெர்மனியில் இந்தப் பூசல் வேறு விதமாக முடிந்தது. 2018 பிப்ரவரியில் ஒரு திங்கள் இரவு, பிராங்பர்ட் ரசிகர்கள் லைப்சிக் அணியுடனான ஆட்டத்தில் டென்னிஸ் பந்துகளைக் களத்துக்குள் எறிந்து எதிர்ப்புக் காட்டினர். 2021-22 பருவம் முதல் அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பன்டெஸ்லிகா திங்கள் ஆட்டங்களைக் கைவிட்டது. அங்கே பெரும்பாலான கிளப்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்கிறது. அவர்கள் எறிந்த பந்து நிர்வாகக் கூட்டம் வரை உருண்டதற்கு அதுவே காரணம் என்பேன்.

எவர் விட்டுக்கொடுப்பது?

நேர ஒதுக்கீட்டைச் சீர்செய்தாலும், ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது. சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் 36 அணிகளாகி, முதல் கட்டத்தில் ஆறு ஆட்டங்களுக்குப் பதில் எட்டு என்றானது; தொடக்கத்திலிருந்து கோப்பை வரை அதிகபட்சம் 13 ஆட்டங்கள் என்றிருந்தது 17 ஆகியிருக்கிறது. 2025 கோடையில் 32 அணிகளுடன் கிளப் உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு அருகில் இருப்பதாகச் சொன்னார். சில நாள்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து நெடுங்காலம் வெளியே இருந்தார். ஒன்றிலிருந்து மற்றொன்று விளைந்தது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அடுத்த மாதம் வீரர் சங்கங்களின் ஐரோப்பிய அமைப்பும் ஐரோப்பிய லீக்குகளின் கூட்டமைப்பும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் நாட்காட்டிக்கு எதிராக ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தன. 2025 மார்ச்சில் ரியல் மாட்ரிட் பயிற்சியாளராக இருந்த கார்லோ அஞ்செலோட்டி, 72 மணி நேர ஓய்வில்லாமல் இனி ஆட மாட்டோம் என்றார். புதன் இரவு அட்லெட்டிகோவுடன் பெனால்ட்டி வரை நீண்ட ஆட்டத்துக்குப் பின், சனி மாலையே அவர் அணி வியாரியாலில் களமிறங்க வேண்டியிருந்தது.

ஃபிஃபா, ஐரோப்பியப் போட்டிகளை நடத்தும் யூஇஎஃப்ஏ, எஃப்ஏ கோப்பையை நடத்தும் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், பிரீமியர் லீக், லீக் கோப்பையை நடத்தும் இஎஃப்எல் ஆகிய ஐந்தும் தத்தம் போட்டியை வளர்த்து, அடுத்தவரின் போட்டியைக் குறைக்கச் சொல்கின்றன. மரபுகளும் இதற்குத் தப்பவில்லை: கிறிஸ்துமஸ் மறுநாள் கால்பந்து என்ற நீண்ட வழக்கம் இருந்தும், 2025 டிசம்பர் 26 அன்று பிரீமியர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்தான் நடந்தது.

இதுவரை உண்மையில் வெட்டப்பட்டவற்றுள் முக்கியமானது எஃப்ஏ கோப்பையின் மறு ஆட்டம். சமநிலையில் முடிந்தால் எதிரணி மைதானத்தில் மீண்டும் ஆடும் அந்த முறை, சாம்பியன்ஸ் லீக் விரிந்த அதே 2024-25 பருவத்தில், முதன்மைச் சுற்றுகள் அனைத்திலும் நீக்கப்பட்டது. நான்காம் நிலை லீக்கில் உள்ள ஒரு கிளப், பெரிய அணியொன்றைத் தன் சிறிய மைதானத்தில் சமநிலையில் நிறுத்திவிட்டு, பல்லாயிரம் பேர் கூடும் மைதானத்துக்கு மறு ஆட்டத்துக்குப் போய், சீட்டு வருவாயில் பங்கு பெற்று வருவது அந்த ஆண்டின் வரவுசெலவையே நிமிர்த்தக்கூடியதாக இருந்தது. பெரிய அணிக்கு மிச்சமானது வாரநடுவில் ஓர் இரவு.